ஆப்கானிஸ்தானத்திற் பெண்கல்வி

ஆப்கானிஸ்தானத்துப் பெண்கள் கல்வியின்றி இருப்பதற்கு அவர்தம் சமயமும் பழைய வழக்கங்களுமே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அவ்விடை முழுவதும் பொய்யென்று தள்ளற்பாலதன்று. ஆயினும் அதனோடு அமைந்துவிடுவோரை நோக்கி அந்நாட்டு வரலாறு விடுக்கும் வினாக்கள் சில உள. அதே சமயமும் அதே வழக்கங்களும் நிலவிய நாட்டில் 1921 ஆம் ஆண்டில் அரசே பெண்பாடசாலை ஒன்றை நிறுவியது எங்ஙனம்? 1965 ஆம் ஆண்டில் நான்கு பெண்கள் பாராளுமன்றத்திற்குத் தெரிவு செய்யப்பட்டது எங்ஙனம்? 2022 ஆம் ஆண்டிற் பக்தியா மாகாணத்துக் குலத்தலைவர்கள், ஆட்சியாளர் மூடிவைத்திருந்த பெண்பாடசாலைகளைத் தாமே திறந்துவிட்டது எங்ஙனம்? இவற்றுக்கு விடை காணவேண்டுமாயின் ஒரு நூற்றாண்டுக் காலத்து நிகழ்ச்சிகளை முறையாக நோக்குதல் வேண்டும்.

அந்நாட்டிற் புதுமுறைக் கல்வி முதலில் ஆண்மக்களுக்கே வாய்த்தது. அமீர் ஹபீபுல்லா கான் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காபூல் நகரில் ஹபீபியாக் கல்லூரி நிறுவப்பட்டது. பெண்களுக்குங் கல்வி வேண்டும் என்ற குரலை எழுப்பியவர் மஹ்மூத் தர்ஸி என்பவர். துருக்கியப் பேரரசில் நெடுங்காலம் அகதியாக வாழ்ந்து மீண்ட அவர், 1911 முதல் 1918 வரை ‘சிராஜ் அல் அக்பார்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். அவர் மகள் சுரையா, இளவரசர் அமானுல்லாவை மணந்தார். 1919 இல் அமானுல்லா அரியணை ஏறியதும் தந்தையின் எழுத்து மகளின் செயலாயிற்று. 1921 இற் காபூலில் முதற் பெண்பாடசாலை திறக்கப்பட்டது. ‘மஸ்தூராத்’ என்பது அதன் பெயர். மறைவில் உறையும் மகளிர் என்பது அச்சொல்லின் பொருள். முகத்திரையை நீக்குமாறு அப்பாடசாலை எவரையும் கேட்கவில்லை. திரைக்குள் இருப்போர்க்கே அது கல்வி வழங்க முற்பட்டது என்பதைப் பெயரே உணர்த்தும். அரசியின் தாயார் அஸ்மா அதன் பொறுப்பை ஏற்றார். மகளிர்க்கென ‘இர்ஷாத்-இ நிஸ்வான்’ என்னும் வார இதழையும் நடத்தினார். 1923 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தொடக்கக் கல்வி குடிகள் யாவர்க்குங் கட்டாயம் என விதித்தது.

இத்துணை நன்முயற்சி எட்டாண்டுகளுக்குள் அழிந்தது ஏன் என்பதே ஆராய்தற்குரியது. அமானுல்லா பாடசாலைகளை மட்டுந் திறந்தாரல்லர். நிலவரியைப் பணமாகச் செலுத்துமாறு பணித்தார். கட்டாயப் படைச்சேவையை விதித்தார். குலத்தலைவர்களும் சமயத் தலைவர்களும் வழிவழியாகப் பெற்றுவந்த கொடைகளைக் குறைத்தார். திருமணச் செலவுக்கும் பெண்கொடைக்கும் வரம்பு கட்டினார். 1924 இற் கோஸ்த் பகுதியில் எழுந்த கலகத்தை அடக்கப் பல மாதங்களாயின. பின்னர் 1928 இல் ஐரோப்பியச் சுற்றுலாவை முடித்து மீண்ட அரசர் முன்னிலும் விரைந்து சீர்திருத்தங்களை அறிவித்தார். மாணவிகள் சிலரை மேற்படிப்பிற்குத் துருக்கிக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரிற் ஷின்வாரிகள் கிளர்ந்தெழுந்தனர். 1929 சனவரியில் அரசர் முடிதுறந்தார். காபூலைக் கைப்பற்றிய ஹபீபுல்லா கலக்கானி பெண்பாடசாலைகளை மூடுவித்தார். துருக்கிக்குச் சென்ற மாணவிகள் திருப்பி அழைக்கப்பட்டனர்.

வரி கொடுத்து நலிந்த உழவனுக்குக் காபூலில் எந்த வீட்டுப் பெண் எழுத்துப் பயில்கின்றாள் என்பது பெருங்கவலையாய் இருந்திருக்க முடியாது. தலைநகரில் இருந்த ஒரு சில பெண்பாடசாலைகளை நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கண்டதுமில்லை. ஆனால் வரியையும் படைச்சேவையையும் எதிர்த்துக் கொடியுயர்த்துவோர்க்கு, மானத்தையும் மார்க்கத்தையும் காக்கின்றோம் என்னும் சொல்லே கூட்டஞ் சேர்க்க உதவியது. வெளிநாட்டிலே திரையின்றித் தோன்றிய அரசியின் படங்கள் ஊரூராகக் காட்டப்பட்டன. பெண்பாடசாலை அரசனின் அடையாளமாகிவிட்டது. அரசன் வீழ்ந்தபொழுது அதுவும் வீழ்ந்தது. பின்வந்த காலங்களிலும் இஃதே வெவ்வேறு வேடத்தில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தமை காணலாம்.

1929 இறுதியில் ஆட்சியேற்ற நாதிர் ஷாவும், 1933 முதல் 1973 வரை நாற்பதாண்டுகள் அரியணையிலிருந்த அவர் மகன் ஸாஹிர் ஷாவும் இப்பாடத்தை நன்கு கற்றிருந்தனர். பெண்கல்வி என்று பறைசாற்றாது, மகளிர் மருத்துவமனையை ஒட்டித் தாதியரையும் மருத்துவிச்சிகளையும் பயிற்றும் ஏற்பாடாக அது மெல்ல மீண்டது. மனைவியரையும் மகளிரையும் அயல் ஆடவன் பார்த்து மருந்து கொடுப்பதிலும் பெண்ணொருத்தி பார்ப்பது நன்று என்பதனைப் பழைமைவாதிகளும் மறுக்க இயலவில்லை. மைவாந்துப் போர்க்களத்து வீரமங்கை மலாலையின் பெயரால் உயர்தரப் பாடசாலை வளர்ந்தது. 1959 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத விழாவிற் பிரதமர் தாவூதும் அமைச்சர்களும் தம் மனைவியரைத் திரையின்றி மேடையில் இருத்தினர். அதற்குச் சட்டமெதுவும் இயற்றப்படவில்லை. அவ்வாண்டு இறுதியிற் காந்தகாரிற் கலகம் மூண்டது. அதற்கு வரி எதிர்ப்பும் ஒரு காரணம். படை வலிமை பெற்றிருந்த அரசு அதனை அடக்கியது. 1964 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை வகுத்த குழுவிற் பெண்களும் இடம்பெற்றனர். அடுத்த ஆண்டு நான்கு பெண்கள் பாராளுமன்றத்திற் புகுந்தனர். குப்ரா நூர்ஸாய் சுகாதார அமைச்சரானார்.

இக்காலத்துப் புகைப்படங்களைக் காண்போர், காபூற் பல்கலைக்கழக மாணவியரைக் கண்டு நாடு முழுவதும் அங்ஙனமே இருந்ததென எண்ணி மயங்குவதுண்டு. 1979 ஆம் ஆண்டளவில் வயதுவந்த பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. நாற்பதாண்டு அமைதி, நகரங்களில் ஒரு படித்த வகுப்பை உருவாக்கிற்று. மலைகளுக்கப்பால் அது செல்லவில்லை. இதற்கு முல்லாக்கள் மட்டுமே பொறுப்பாளிகள் அல்லர். இந்துக்குஷ் மலைத்தொடர் நாட்டை ஊடறுத்துச் செல்ல, பனிக்காலத்திற் பல மாதங்கள் பாதைகள் அடைபடும் ஊர்களில் ஆண்பிள்ளைகளுக்கும் பாடசாலை இருந்ததில்லை. வறிய அரசு தன்னிடமிருந்த பொருளைத் தலைநகரிற் செலவிட்டது.

1978 ஏப்பிரலிற் பொதுவுடைமைக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றியபொழுது அமானுல்லாவின் அவசரம் மீண்டும் தலைகாட்டியது. அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட ஏழாவது ஆணை பெண்கொடையை 300 ஆப்கானியாக வரையறுத்து, பெண்ணின் திருமண வயதைப் பதினாறாக்கியது. எழுத்தறிவு இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்றனர். ஆசிரியரை ஆயுதந் தாங்கியோர் பின்தொடர்ந்தனர். முதிய தாய்மாரையும் வகுப்பிற்கு வருமாறு கட்டாயப்படுத்தினர். நோக்கம் நல்லதே. ஆனால் ஊரிலே நிலத்தைப் பறித்து எதிர்த்தோரைச் சிறையிலடைத்த அதே கையினின்றும் புத்தகத்தைப் பெறுவதற்கு எந்த ஊரும் ஒருப்படாது. 1979 மார்ச்சில் ஹெராத் நகரத்தில் எழுந்த பெருங்கிளர்ச்சியின் முறைப்பாடுகளுள் இக்கட்டாய வகுப்புகளும் ஒன்று. அவ்வாண்டு டிசெம்பரிற் சோவியத்துப் படை புகுந்தபின் பெண்கல்வி அந்நியனின் அடையாளமுமாயிற்று. கிராமங்களிற் பாடசாலைகள் எரியூட்டப்பட்டன, ஆசிரியர்கள் கொல்லப்பட்டனர்.

போர் நாட்டு மக்களை இரு கூறாக்கியது. காபூலில் ஆடவர் படைக்குச் செல்ல, அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பெண்கள் அவ்விடங்களை நிரப்பினர். 1990 களின் தொடக்கத்திற் காபூல் ஆசிரியருட் பெரும்பாலோர் பெண்களே. மறுபுறத்திற் பாக்கிஸ்தானிலும் ஈரானிலும் அறுபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் அகதிகளாயினர். பெஷாவரைச் சூழ்ந்த முகாம்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பாடசாலைகளும் மதரஸாக்களும் பல எழுந்தன. பெண்பிள்ளைகளுக்கு மிகச் சிலவே. அறிமுகமற்றோர் நெருங்கி வாழ்ந்த கூடாரங்களிடையே, ஊரிலே தாராளமாய் நடமாடிய சிறுமியும் வெளியே அனுப்பப்படாது காக்கப்பட்டாள். இடப்பெயர்வு கட்டுப்பாட்டைத் தளர்த்தும் என எதிர்பார்ப்போர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். நிலமும் வீடும் இழந்த குடும்பத்திற்கு எஞ்சியிருந்தது அதன் மானம் ஒன்றே. அதனை அது முன்னினும் இறுகப் பற்றியது. அம்முகாம்களில் வழங்கிய கணக்குப் புத்தகங்கள் சில, அமெரிக்க அரசின் பொருளுதவியோடு நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தார் ஆக்குவித்தவை. துப்பாக்கிக் குண்டுகளையும் கொல்லப்பட்ட பகைவரையும் கூட்டியுங் கழித்தும் எண் பயிலுமாறு அவை அமைந்திருந்தன. எதிர்காலத்தில் அப்பிள்ளைகள் எதனை எண்ணப்போகின்றனர் என்று ஆக்கியோர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

1992 முதல் முஜாஹிதீன் குழுக்கள் காபூலுக்காகப் பொருதபொழுது நகரத்துப் பாடசாலைகள் பல பாழாயின. 1996 செப்டெம்பர் இறுதியில் தலிபான் படையினர் காபூலுட் புகுந்தனர். பெண்பாடசாலைகள் மூடப்பட்டன, பெண்கள் வேலைக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. ஆசிரியரிற் பெரும்பாலோர் பெண்களாதலின் ஆண்பாடசாலைகளும் உடன் தள்ளாடின. பெண்ணுக்கு எதிரான ஆணை ஆண்மகனின் கல்வியையும் பறித்தமை அவ்வாணை விதித்தோர் எதிர்பாராதது. வீடுகளில் மறைவாக வகுப்புகள் தோன்றின. பிள்ளைகள் புத்தகத்தைத் துணிக்குள் ஒளித்து, ஒவ்வொருவராக வெவ்வேறு நேரத்தில் வந்து சென்றனர். 1998 சூனில், தொண்டு நிறுவனங்களின் துணையோடு காபூலில் நடைபெற்ற நூற்றுக்கு மேற்பட்ட வீட்டுப் பாடசாலைகளை மூடுமாறு ஆணை பிறந்தது; அதன் பின்னரும் அவை அற்றுப்போகவில்லை. ஸகீனா யாகூபி 1995 இல் நிறுவிய ஆப்கான் கல்வி நிறுவனம் இத்தகைய பல பாடசாலைகளைத் தாங்கியது. ஹெராத்திலே தையற் பயிற்சி என்ற பெயரில் மகளிர் கூடினர். துணியும் ஊசியும் மேலேயிருக்க, அடியில் இருந்தவை இலக்கிய நூல்கள். நாதியா அஞ்சுமன் என்னும் இளங்கவிஞர் அவ்வட்டத்திற் பயின்றவரே.

2001 இறுதியில் தலிபான் ஆட்சி வீழ்ந்தது. 2002 மார்ச்சிற் பாடசாலைகள் திறந்தபொழுது இருக்கையும் கூரையும் இல்லாதிருந்தும் பிள்ளைகள் திரண்டு வந்தனர். 2004 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பெண்கல்வியை வளர்க்கும் கடமையை அரசின்மேல் வைத்தது. யுனெஸ்கோவின் கணக்குப்படி, 2001 இல் ஏறக்குறைய வெறுமையாயிருந்த தொடக்கப் பாடசாலை மாணவியர் தொகை 2018 இல் 25 இலட்சமாகியது. பெண்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 17 இலிருந்து 30 ஆக உயர்ந்தது. இவை சிறிய வெற்றிகளல்ல. எனினும் அரசின் பதிவேடுகளை அப்படியே நம்புதல் கூடாது. மூன்றாண்டு வரை வராத பிள்ளையும் மாணவரெனவே எண்ணப்பட்டது. பெயரளவிலே நின்ற பாடசாலைகளுக்குங் கட்டிடப் பணமும் ஆசிரியர் சம்பளமும் சென்றன.

இவ்விருபதாண்டுகளிற் கிராமத்துச் சிறுமியைத் தடுத்தவை யாவை என ஆராய்ந்தோர், தந்தையின் மறுப்பு என்னும் ஒரு சொல்லுக்குப் பின்னே பல மறைந்திருத்தலைக் கண்டனர். 2017 ஆம் ஆண்டு நிலையின்படி பாடசாலைகளுள் நூற்றுக்கு 41 கட்டிடமற்றவை. கட்டிடம் உள்ளவற்றிலும் சுற்றுமதிலோ, தண்ணீரோ, மலசலகூடமோ இல்லாதவை பல. பருவமெய்திய பெண் மதிலற்ற வெளியில் அமர்ந்திருப்பதைப் பெற்றார் விரும்பாமை வியப்பன்று. மலசலகூடம் இன்மையால் மாதந்தோறும் சில நாட்கள் தவறி, ஈற்றில் முற்றாக நிற்பவளும் உண்டு. அடுத்தது ஆசிரியை இன்மை. நாட்டின் மாகாணங்களிற் பாதியளவில் ஆசிரியருட் பெண்கள் ஐந்திலொரு பங்கிற்குங் குறைவு. ஆண் ஆசிரியரிடம் வளர்ந்த மகளை அனுப்பமாட்டோம் என்பர் பெற்றார். மகள் படியாமையால் அடுத்த தலைமுறைக்கும் அவ்வூரில் ஆசிரியை தோன்றாள். நகரத்து ஆசிரியையை அனுப்பலாமே எனின், துணைக்கு ஓர் உறவினரும் உறைவதற்கு ஒரு வீடும் இன்றி அவள் மலைநாட்டுக்குச் செல்வது எங்ஙனம்? சட்டமும் முழுத்துணை செய்யவில்லை. 1977 ஆம் ஆண்டின் குடியியற் சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினாறு என்றது. தந்தை இசைந்தாற் பதினைந்திலும் மணம் முடிக்கலாம் என இடமும் விட்டது. வறுமை மிக்க வீட்டில் அதனினும் இளையோரும் மணமுடிக்கப்பட்டனர். மணமுடித்தபின் பாடசாலை இல்லை.

எல்லாவற்றினும் வலியதாய் நின்றது தூரம். கோர் மாகாணத்தில் 31 ஊர்களைக்கொண்டு 2007 இல் நடைபெற்ற ஓராராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. சில ஊர்களிற் சிறு ஊர்ப்பாடசாலைகள் உடனே தொடங்கப்பட்டன. ஏனையவை ஓராண்டு பொறுத்திருந்தன. பாடசாலை பெற்ற ஊர்களில் ஆண்பிள்ளைகளின் சேர்க்கை நூற்றுக்கு 35 ஆல் உயர, பெண்பிள்ளைகளின் சேர்க்கை 52 ஆல் உயர்ந்தது. இருபாலார்க்கும் இடையேயிருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. பாடசாலை ஒரு மைல் தள்ளிச் செல்லுந்தோறும் சிறுமியரிலே நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர் நின்றுவிட்டனர். சிறுவரில் 13 பேர். அப்பாடசாலைகள் பெரும்பாலும் ஊரார் தந்த இடத்தில் நடந்தவை. அதே தந்தையர், அதே முல்லாக்கள், அதே வழக்கங்கள். மாறியது பாடசாலை இருந்த இடம் ஒன்றே. பழைமையே முழுத்தடையென்போர் இவ்வாராய்ச்சிக்கு விடையளித்தல் வேண்டும்.

நடக்கும் பாதையிற் போரும் இருந்தது. 2006 ஆம் ஆண்டளவிலிருந்து தென்மாகாணங்களில் ‘இரவுக் கடிதங்கள்’ பாடசாலைக் கதவுகளில் ஒட்டப்பட்டன. அவற்றை மதியாத ஆசிரியர் உயிரிழந்ததும் உண்டு. 2008 நவம்பரிற் காந்தகார் நகரிலே பாடசாலைக்கு நடந்துசென்ற மாணவியர், ஆசிரியைகள் ஏறக்குறைய 15 பேர்மீது மோட்டார்ச் சைக்கிளில் வந்தோர் அமிலம் வீசினர். சில வாரங்களுள் அம்மாணவியருட் பெரும்பாலோர் வகுப்பிற்கு மீண்டனர். மீள அனுப்பியோர் பழைமைக்குப் பெயர்பெற்ற காந்தகாரின் எழுத்தறியாத பெற்றார் என்பது குறித்தற்குரியது. அரசுப் படையினரும் குற்றமற்றோர் அல்லர். பாடசாலைகளைக் காவல்நிலைகளாக்கி, மாற்றார் சுடுவதற்கு இலக்காக்கினர். தலிபான் கைப்பட்ட பகுதிகளில் எங்கும் ஒரே நிலை இருந்ததென்றுஞ் சொல்வதற்கில்லை. சில இடங்களில் ஊர்ப்பெரியோர் படைத்தலைவனோடு பேசி ஆறாம் வகுப்புவரை இசைவு பெற்றனர்; அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வகுப்பும் இல்லை. தலைநகரிலும் அச்சம் நீங்கவில்லை. இடமின்மையாற் காலையில் ஓரணியும் மாலையில் ஓரணியுமாகப் பயிலும் வழக்கம் அங்கு உண்டு. 2021 மே மாதம் 8 ஆந் திகதி, ஹஸாரா மக்கள் வாழும் தஷ்த்-இ-பர்ச்சியில் ஸையது உல் ஷுஹதா பாடசாலையின் மாணவியர் மாலையில் வீடு திரும்புகையிற் குண்டுகள் வெடித்தன. எண்பதிற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2021 ஆகஸ்டு 15 இற் காபூல் மீண்டும் தலிபான் வசமாயிற்று. செப்டெம்பரில் உயர்தர வகுப்புகளுக்கு ஆண்பிள்ளைகளும் ஆண் ஆசிரியரும் மட்டும் அழைக்கப்பட்டனர். பெண்களைப்பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனமே ஆணையாயிற்று. 2022 மார்ச்சு 23 இற் பெண்பாடசாலைகள் திறக்கப்படும் என்று கல்வி அமைச்சே அறிவித்தது. அன்று காலை மாணவியர் சீருடையணிந்து வகுப்பில் அமர்ந்தபின் முடிவு மாற்றப்பட்டது. அழுதுகொண்டே வீடு திரும்பினர். தடைசெய்தோர் கூறிய காரணம், ஏற்ற சூழ்நிலை அமையும்வரை என்பது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பக்தியாவின் கார்தேஸ் நகரத்திற் குலத்தலைவர்களும் பாடசாலை அதிபர்களும் கூடிச் சில பாடசாலைகளைத் திறந்தனர். பஷ்தூன் மரபின் நடுவிடத்திலே, அம்மரபின் காவலரே இசைந்தபின் குறைவாயிருந்த சூழ்நிலை யாது? சில நாட்களில் அவை மீண்டும் மூடப்பட, மாணவியர் வீதியில் இறங்கி முறையிட்டனர். அம்மாத இறுதியிற் காபூலின் காஜ் கல்வி நிலையத்தில், பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்குப் பயிற்சிபெற்றிருந்தோர் நடுவே தற்கொலைக் குண்டு வெடித்து ஐம்பதிற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். டிசெம்பர் 20 இற் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு அடைக்கப்பட்டன.

2024 ஆகஸ்டில் யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கின்படி, இத்தடையாற் கல்வியிழந்த சிறுமியர் குறைந்தது 14 இலட்சம். முன்னரே பாடசாலை காணாதோரையுஞ் சேர்ப்பின், பள்ளி வயதுப் பெண்பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பதளவினர் வெளியே நிற்கின்றனர். வீட்டு வகுப்புகள் மீண்டும் தோன்றியுள்ளன. வானொலியும் கைபேசியும் இப்பொழுது அவற்றுக்குத் துணை. பெண்ணைப் பெண் வைத்தியரே பார்க்கவேண்டும் என்று விதிப்போரும் அவர்களே. வைத்தியர் உருவாகும் வாயிலை அடைப்போரும் அவர்களே.

பல்கலைக்கழகம் மூடியபின் மாணவியர் பலர் தாதியர் பயிற்சிக்கும் மருத்துவிச்சிப் பயிற்சிக்கும் பெயர்ந்தனர். கலகங்களுக்குப்பின் 1930 களின் தொடக்கத்தில் நாதிர் ஷாவின் அரசு எவரும் எதிர்க்கமாட்டார் எனத் தேர்ந்து திறந்த சிறு வாயிலும் அதுவே. 2024 டிசெம்பரில் அப்பயிற்சி நிலையங்களும் மாணவியரை இனி ஏற்கலாகாது என வாய்மொழியாக ஆணை வந்தது. தேர்வெழுதக் காத்திருந்தோர் இடைநடுவில் வெளியேறினர்.